நூலகங்களின் கதை – 9: குனிந்து படிப்பவருக்கான கூரை

சென்ற வாரம் ஸ்டாக்ஹோம் நகர நூலகத்தின் வட்டக் கூடத்தைப் பார்த்தோம். 1928-ல் குன்னார் அஸ்ப்லுண்ட் கட்டி முடித்தது. உள்ளே நுழைந்ததும் நாலு பக்கமும் புத்தகச் சுவர் எழுந்து நிற்க, தலை தானாக அண்ணாந்துவிடும். இந்த வாரம் பார்க்கப்போகும் நூலகம் அதன் சாயலில்தான் முதலில் வரையப்பட்டது. ஆனால் கட்டி முடித்தபோது அண்ணாந்து பார்ப்பவரை விட்டுவிட்டு, குனிந்து படிப்பவரின் பக்கம் போய் நின்றது.

ஊரின் பெயர் வீபுரி. இன்று விபோர்க் என்ற பெயரில் ரஷ்யாவில் இருக்கிறது. அன்று பின்லாந்தின் பெரிய நகரங்களில் ஒன்று. அங்கே வணிகம் செய்து பொருள் சேர்த்த லல்லுக்கா தம்பதி, ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று உயில் எழுதிப் பணம் வைத்துவிட்டுப் போனார்கள். 1927-ல் வடிவமைப்புப் போட்டி அறிவித்தார்கள். முதல் பரிசு ஆல்வார் ஆல்ட்டோவுக்கு. வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்த இளைஞர்.

பரிசு கிடைத்த கையோடு கட்டடம் எழும்பிவிடவில்லை. எங்கே கட்டுவது என்று ஊரில் வருடக்கணக்காக வாக்குவாதம். கடைசியில் இடமே மாறி, பூங்காவுக்குள் கட்டுவது என்று முடிவாயிற்று. இந்தத் தாமதம் வீபுரிக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். ஏனென்றால் இடைப்பட்ட காலத்தில் ஆல்ட்டோ, பைமியோ என்ற ஊரில் காசநோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை கட்டினார். 1933-ல் அது முடிந்தது. நாள் முழுக்கப் படுத்தே கிடக்கும் நோயாளிக்குக் கண்ணெதிரே இருப்பது விட்டம்தான். ஆகவே விட்டத்தின் நிறம் கண்ணை உறுத்தக் கூடாது, விளக்கு முகத்தில் அடிக்கக் கூடாது என்று படுக்கையிலிருந்தே யோசித்து அந்த அறைகளை அமைத்தார். அந்தப் பழக்கத்தோடு நூலக வேலைக்குத் திரும்பியவர், பழைய வரைபடத்தை ஏறக்குறைய முழுவதுமாக மாற்றிவிட்டார். 1935 அக்டோபரில் நூலகம் திறக்கப்பட்டது.

நூலகத்தின் முதல் பிரச்சினை கண் என்பது ஆல்ட்டோவின் கருத்து. பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கிறார். சிறிய எழுத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்குக் கடினமான வேலை; அதற்கு இடைஞ்சலான எல்லாவற்றையும் அகற்றுவதுதான் கட்டடக் கலைஞரின் கடமை என்றார். பார்க்கப்போனால் மிகச் சாதாரணமான விஷயம். ஆனால் கட்டடத்தை வெளியிலிருந்து அழகு பார்த்தே வரைகிறவர்களுக்கு இது தோன்றுவதில்லை.

வாசக சாலையின் சுவர்களில் ஜன்னலே கிடையாது. வெளிச்சம் முழுக்கக் கூரை வழியாக வருகிறது. கூரையில் 57 வட்டத் திறப்புகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறடி அகலம், மேலே கண்ணாடி மூடி. உள்ளே கவிழ்த்த புனல்போல் கீழ்நோக்கி விரியும் வெள்ளைச் சுவர். அந்தப் புனலின் ஆழத்தில்தான் கணக்கு இருக்கிறது. அவ்வளவு வடக்கே, கோடையின் உச்சியில்கூட சூரியன் சுமார் 52 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அந்தக் கோணத்தில் வரும் கதிரும் நேராகக் கீழே இறங்காமல் புனலின் பக்கச் சுவரில் மோதும்படி ஆழத்தை வைத்தார். மோதிய ஒளி சிதறி, மென்மையாகிக் கூடத்துக்குள் இறங்குகிறது. புத்தகத் தாளை வெயில் நேரடியாகத் தீண்டுவதில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே ஜன்னலிலிருந்து வெளிச்சம் வந்தால் படிப்பவரின் தலையும் தோளும் பக்கத்தின்மேல் நிழல் போடும். நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். 57 இடங்களிலிருந்து ஒளி இறங்கினால் ஒரு திறப்பு போடும் நிழலை மற்றவை அழித்துவிடும். எந்த மேஜையில், எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தாலும் பக்கம் ஒரே மாதிரி வெளிச்சமாக இருக்கும். டிசம்பரில் அங்கே பகல் ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. அந்த இருட்டுக் காலத்துக்கு வைத்த விளக்குகளும் வாசகர்மேல் நேராக அடிப்பதில்லை. சுவரில் பட்டுத் திரும்பித்தான் மேஜைக்கு வருகின்றன.

வெளிச்சத்துக்கு அடுத்தபடி, குளிர். சூடேற்றும் குழாய்களையும் கூரைக்குள்ளேயே வைத்துவிட்டார். காற்றோட்டக் குழாய்கள் தடித்த சுவருக்குள் போகின்றன. ஆகையால் கூடத்தில் சுவரோரம் முழுக்க அலமாரிக்கு மிஞ்சியது. தரையும் ஒரே மட்டம் அல்ல. நடுவில் படிகள் இறங்கும் பள்ளத்தில் புத்தகங்கள், மேல் தட்டில் நூலகரின் மேஜை. அங்கிருந்தபடியே ஒருவர் கூடம் முழுவதையும் கவனித்துக்கொள்ளலாம். இந்த வேலையின் தொடக்கத்தில் ஆல்ட்டோ நூலகத்தையே வரையாமல், பல சூரியன்கள் ஒளி வீசும் மலைச்சரிவுகளைக் குழந்தைபோலக் கிறுக்கிக்கொண்டிருந்தாராம். படிப்படியாக இறங்கும் தரையும் மேலிருந்து பொழியும் ஒளியும் அந்தக் கிறுக்கலிலிருந்து வந்தவை என்று அவரே பிற்பாடு எழுதினார்.

குழந்தைகள் பகுதிக்குப் பூங்காப் பக்கம் தனி வாசல். செய்தித்தாள் படிக்க வருபவர்களுக்கும் தனி வாசல். சத்தமும் மௌனமும் ஒரே கதவில் மோதிக்கொள்ளாத ஏற்பாடு இது. எளிய யோசனைதான், ஆனால் புதிதாக நூலகம் கட்டும் எந்த ஊரும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

சொற்பொழிவுக் கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நீண்டு ஒடுங்கிய அந்த அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியே பூங்காவின் மரங்கள். உட்கார மூன்று கால் மர முக்காலிகள். ஆல்ட்டோ வடிவமைத்த அவை இன்றும் உலகமெங்கும் விற்கின்றன. மேலே மெல்லிய பைன் மரச் சட்டங்களால் ஆன அலை அலையான விட்டம். அதன் வளைவுகள் அழகுக்காக மட்டும் போட்டவை அல்ல. மேடையில் பேசுபவரின் குரல் கடைசி வரிசைக்குக் கேட்பதுபோல, கடைசி வரிசையில் எழுந்து கேள்வி கேட்பவரின் குரலும் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்தவை. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் ஒரே மரியாதை தரும் விட்டம். இந்த நூலகத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

பிறகு போர் வந்தது. வீபுரி 1940-ல் சோவியத் கைக்குப் போய், 1941-ல் திரும்பி, 1944-ல் நிரந்தரமாகப் போயிற்று. கட்டடம் குண்டுக்குத் தப்பியது, கவனிப்பாரின்மைக்குத் தப்பவில்லை. சுமார் பத்து ஆண்டுகள் பூட்டும் காவலும் இல்லாமல் மழையிலும் பனியிலும் கிடந்தது. அலை விட்டம் அழிந்தது. வெளிநாடுகளில் பலர் நூலகமே இடிந்துவிட்டது என்று நம்பினார்கள். சோவியத் அரசு பழுதுபார்த்து 1961-ல் மறுபடி திறந்தது; ஆனால் பல நுணுக்கங்கள் திரும்பவில்லை, கூரை ஒழுகியது.

1990-களில் பின்லாந்துக் கட்டடக் கலைஞர்கள் ஒரு குழு அமைத்தார்கள். தங்கள் நாடு இழந்துவிட்ட ஊரில், இனி ரஷ்யப் பிள்ளைகள் படிக்கப்போகும் நூலகத்துக்காகப் பணம் திரட்டினார்கள். ரஷ்ய நூலகர்களும் கலைஞர்களும் அவர்களோடு கைகோத்தார்கள். கிடைத்த பணத்துக்கு ஏற்பக் கூரை, கண்ணாடிச் சுவர், அலை விட்டம் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். 2010-க்குப் பிறகு ரஷ்ய அரசின் பெரிய நிதி வந்ததும் வேலை வேகம் பிடித்தது. 1994-ல் தொடங்கிய பணி 2013 நவம்பரில் முடிந்தது. கட்டுவதற்கு ஆனது சுமார் இரண்டே ஆண்டு. மீட்க ஏறக்குறைய இருபது. மறு ஆண்டே, நவீனக் கட்டடங்களைப் பாதுகாப்பதற்காக உலக நினைவுச்சின்ன நிதியம் வழங்கும் பரிசு இந்தப் பணிக்குக் கிடைத்தது. இன்றும் அது ஊர் நூலகம்தான். அதன் பெயரே ஆல்வார் ஆல்ட்டோ நூலகம்.

அடுத்த வாரம் பின்லாந்தின் சேய்னாயோகி. அங்கே ஆல்ட்டோ 1965-ல் கட்டிய நூலகம் இடம் போதாமல் திணறியபோது, பழையதைத் தொடாமல் பக்கத்திலேயே 2012-ல் புதியதைக் கட்டி, இரண்டையும் நிலத்தடிப் பாதையால் இணைத்திருக்கிறார்கள்.

(தொடரும்)