பிக்-அப் வாகனத்தின் ஆண்டெனாவைக் குட்டையாக்கலாமா? அந்தமான் ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டியவை

ஸ்ரீ விஜயபுரம்: தாழ்ந்த மரக்கிளைகளில் உரசி வளைவது, தார்ப்பாய்க் கயிற்றில் சிக்கி முறிவது ஆகிய காரணங்களால், பிக்-அப் சரக்கு வாகனங்களின் நீண்ட வானொலி ஆண்டெனாவை அகற்றிவிட்டுக் குட்டையான ஆண்டெனாவைப் பொருத்தும் வழக்கம் உள்ளது. நகருக்குள் பண்பலை கேட்பவருக்கு இதனால் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நிலை வேறு.

போர்ட் பிளேர் என முன்பு அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் அகில இந்திய வானொலி நிலையம் 1963ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இதன் மத்திய அலை ஒலிபரப்பு 684 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரியது. பண்பலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால் மலைகள் அதை மறைத்துவிடும். மத்திய அலையோ தரையை ஒட்டிப் பரவும். மின்சாரத்தை நன்கு கடத்தும் உப்புநீரின் மீது இன்னும் வெகுதூரம் செல்லும். தொலைவில் உள்ள தீவுகளுக்கு அது ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

நீளம் ஏன் முக்கியம்?

100 மெகாஹெர்ட்ஸ் பண்பலையின் அலைநீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். வாகனங்களின் வழக்கமான ஆண்டெனா ஏறக்குறைய இந்த நீளமே. குட்டை ஆண்டெனாவினுள் கம்பியைச் சுருளாகச் சுற்றி, பண்பலைக்கான குறையை ஓரளவு ஈடுசெய்கின்றனர்.

684 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 439 மீட்டர்; அதன் கால் பங்கு 110 மீட்டர். எந்த வாகனத்திலும் அவ்வளவு நீள ஆண்டெனா சாத்தியமில்லை. எனவே, இருக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் பயனுள்ளது. ஆண்டெனாவைப் பாதியாகக் குறைத்தால், வானொலிப் பெட்டியை அடையும் மத்திய அலைச் சமிக்ஞை பாதிக்கும் கீழே குறையக்கூடும். வலுவான சமிக்ஞை உள்ள இடத்தில் இந்த இழப்பு தெரியாது. தொலைவில் குரல் இரைச்சலில் மூழ்கிவிடும்.

இடம் மாற்றும்போது

ஆண்டெனாவின் மறுபாதியாகச் செயல்படுவது வாகனத்தின் உலோக உடலே. ஆகவே, அடிப்பகுதி பொருந்தும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகத்தோடு உறுதியான எர்த் இணைப்பு தர வேண்டும். உப்புக் காற்றில் அந்த இடம் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், இணைத்த பின் துருத்தடுப்புப் பூச்சு அவசியம். பழைய துளையையும் ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும்.

கேபின் கூரையின் நடுப்பகுதி வரவேற்புக்கு நல்ல இடம். ஆனால், கிளைகளில் படும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம். பானட்டின் ஓரத்தில் வைத்தால் இன்ஜின், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் மின் இரைச்சல் நுழையலாம். கேபிளை நீட்டினாலும் மத்திய அலைச் சமிக்ஞையின் ஒரு பகுதி அதிலேயே வீணாகும். ஆகவே, வாகன வானொலிக்கென்றே தயாரிக்கப்படும் கேபிளைத் தேவையான அளவு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

எச்சரிக்கை கேட்கும் கருவி

சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இதனால் இணைய வசதி மேம்பட்டது. எனினும், அந்தமான் பெருவழிச் சாலையில் ஜிர்காடாங்கைக் கடந்தால் ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் அடர்ந்த காடு. அங்கு வாகனங்கள் பாதுகாப்புடன் அணியாக மட்டுமே செல்ல முடியும். இத்தகைய பாதைகளில் கைப்பேசிச் சமிக்ஞையை நம்பியிருக்க இயலாது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. அப்போது போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் வானொலி இயக்குநர்கள் தகவல்களைக் கொண்டுசேர்த்தனர். புயல் காலத்திலும் கோபுரமும் இணையமும் முடங்கும்போது, வண்டியின் பேட்டரியில் இயங்கும் வானொலி பயன்தரும்.

என்ன செய்யலாம்?

கிளைதான் சிக்கல் என்றால், வளைந்து நிமிரும் ஸ்பிரிங் அடிப்பகுதியோ மடக்கும் வசதியோ உள்ள முழுநீள ஆண்டெனா போதும். சுமை ஏற்றும்போது கழற்றி வைக்கும் திருகு வகையும் உண்டு. சில புதிய வாகனங்களின் வானொலியில் மத்திய அலையே இருப்பதில்லை என்பதால் அதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். குட்டை ஆண்டெனாவைச் சோதிப்பவர்கள் நகரில் பண்பலையைக் கேட்டு முடிவு செய்யாமல், ஊருக்கு வெளியே, இன்ஜின் ஓடும் நிலையில் மத்திய அலையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய ஆண்டெனாவை அதுவரை பத்திரப்படுத்துவது நல்லது.