ஒப்பந்தத் தொழிலாளியின் கூலிக்கு யார் பொறுப்பு?

பஞ்சாலைகளையும் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணியையும் நம்பி ஜீவனம் நடத்தும் இராஜபாளையத்திலும், அதற்கு அடுத்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலும், வேலை நடக்கும் இடம் ஒருவருடையதாகவும் சம்பளம் கொடுக்கும் கை வேறொருவருடையதாகவும் இருக்கும் ஏற்பாடு இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. ஆலைக்குள் அறுந்த இழையை ஒட்டுகிற பெண்ணையும், நகராட்சித் தெருவைக் கூட்டுகிறவரையும், வங்கி வாசலில் காவல் நிற்கிறவரையும் யாரிடம் வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், காண்டிராக்டரின் பெயரையோ, அவருக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த ஏஜென்டின் பெயரையோதான் சொல்வார்கள். கூலி குறைந்தால் நிர்வாகம் காண்டிராக்டரைக் கைகாட்டும். காண்டிராக்டர், பில் இன்னும் பாஸாகவில்லை என்று கைவிரிப்பார். நடுவில் நின்று தவிப்பவர் தொழிலாளிதான். ஆனால் சட்டத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை என்பதை அந்தத் தொழிலாளிக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம், ஒப்பந்ததாரர்கள் குறைந்தபட்சத் தினக்கூலியான 9 ரூபாய் 25 காசை ஜமேதார் எனப்படும் ஆள்பிடிக்கும் தரகர்களிடம் கொடுக்க, அத்தரகர்கள் தலைக்கு ஒரு ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டு, மீதி 8 ரூபாய் 25 காசையே உழைத்தவர் கையில் தந்தார்கள். இதுபற்றிய வழக்கில் 1982 செப்டம்பர் 18-ம் தேதி உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பைச் சொன்ன நீதிபதி பி.என்.பகவதி, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கப்படும் வேலை, அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடுத்திருக்கும் கட்டாய உழைப்பே என்றார். பசிக்கு அஞ்சி ஒருவன் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்வது சுயேச்சையான சம்மதம் ஆகாது என்பதும், வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டதாலேயே வேலைக்கு உடையவர் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். ஆகவே, சம்மதித்துத்தானே சேர்ந்தாய் என்று யாரும் சொன்னால் அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-ல் பிறந்தது. இராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா மறு ஆண்டே சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைமையை ஏற்றார் என்பதை நினைக்கும்போது, அந்த ஊரிலேயே இச்சட்டம் இன்னும் பலருக்கு அந்நியமாக இருப்பது மனத்தை உறுத்துகிறது. 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத்தொகுப்பும், 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தில் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. முன்பு இருபது பேரை வைத்திருந்த காண்டிராக்டருக்கே ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தின. இப்போது அந்த வரம்பு ஐம்பதாக உயர்ந்துவிட்டது. சிறு காண்டிராக்டர்கள் நிறைந்த நம் ஊர்களுக்கு இது பெரிய நஷ்டம் என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் குறைந்தபட்சக் கூலிக்கு இவ்விதத் தலைக்கணக்கு ஏதும் கிடையாது. ஒரே ஆளை வைத்திருப்பவரும் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க வேண்டியவர் கொடுக்கத் தவறினால், தொழிலாளி வேலை பார்க்கும் ஸ்தாபனத்தின் உரிமையாளரே பொறுப்பு என்று ஊதியச் சட்டத்தொகுப்பின் 43-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கூலி, அடிப்படை ஊதியம், அகவிலைப்படி என்ற இரண்டும் சேர்ந்தது. சென்னை விலைவாசிக் குறியீட்டை அனுசரித்து ஆண்டுதோறும் ஏப்ரல் 1-ம் தேதி அகவிலைப்படி மாறும். மே மாதம் கைக்கு வரும் சம்பளத்திலும் பழைய தொகையே இருந்தால் அப்போதே கேட்க வேண்டும். உள்ளாட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் தங்கள் போராட்டங்களில் ‘62-ம் நம்பர் அரசாணை’ என்று சொல்வது, அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்து 2017-ல் வெளியான ஆணையைத்தான்.

ஆனால் ஏமாற்றம் பெரும்பாலும் நிர்ணயத்தில் அல்ல, பிடித்தத்தில்தான் ஒளிந்திருக்கிறது. சம்பளம் வங்கியில் முழுமையாக ஏறும். ஏட்டைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மறுநாள் மேஸ்திரி வந்து, வேலை வாங்கிக் கொடுத்ததற்கென்று ஒரு பகுதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டு போவார். சில இடங்களில் ஏ.டி.எம். அட்டையே அவரிடம்தான் இருக்கும். முதலாளிக்கோ அவருடைய ஏஜென்டுக்கோ தொழிலாளி இப்படித் திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு காசும் ஊதியத்திலிருந்து பிடித்ததாகவே கருதப்படும் என்று ஊதியச் சட்டத்தொகுப்பின் 18-வது பிரிவு விதிக்கிறது. அனுமதிக்கப்பட்ட பிடித்தங்களின் பட்டியலில் ஏஜென்டின் கமிஷன் இல்லை. வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, ஈ.எஸ்.ஐ.க்கு முக்கால். முதலாளியின் பங்கையும் சேர்த்துத் தொழிலாளியின் கணக்கிலேயே பிடிப்பது சட்டவிரோதம். வைப்பு நிதிக்குப் பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பதை அந்நிதிக் கணக்குக்குரிய யூ.ஏ.என். எண்ணைக் கொண்டு கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஓ.டி. நேரத்துக்கு இரட்டைக் கூலி உண்டு. ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி என்பது கூடாது.

நாளொன்றுக்கு 50 ரூபாய் குறைந்தால் 26 நாளுக்கு 1,300 ரூபாய். மூன்று ஆண்டில் அது 46,800 ரூபாய். பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கோரிக்கை வைத்தாக வேண்டும். இப்போது மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. குறைந்த தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் விசாரணை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கூலியை முழுவதும் கொடுத்ததாக நிரூபிக்க வேண்டிய பாரம் முதலாளியைச் சேர்ந்தது; ஆயினும் வேலைக்கு வந்த நாள், ஷிப்டு, கையில் வாங்கிய தொகை, திருப்பிக் கொடுத்த தொகை ஆகியவற்றைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பவரின் வழக்கு உறுதியாக நிற்கும். தனியே முறையிட அஞ்சுவோர் பலர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். பதிவுபெற்ற தொழிற்சங்கமும் தன் உறுப்பினருக்காகக் கொடுக்கலாம். புகார் செய்ததற்காக வேலையிலிருந்து நிறுத்திவிட்டாலும், பாக்கிக் கூலியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்த்தாக வேண்டும்.

முறையிட வேண்டிய இடம், விருதுநகரிலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டி இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களும், ஆலைத் தொழிலாளிகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெற உரிமையுள்ளவர்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். போகிறவர்கள் சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், ஆலை வாயிலில் காட்டும் அடையாள அட்டை ஆகிய மூன்றின் நகலையும் எடுத்துச் செல்வது நல்லது.