மவுஸை நீங்க தொடாதீங்க பாஸ்!

என்.எஸ்.எஸ். கேம்ப்னா மண்வெட்டி, முள்செடி வெட்டுறது, கடைசி ராத்திரி ஆட்டம் பாட்டம்... இதுதானே? உங்க அடுத்த ஏழு நாள் கேம்ப் திண்டுக்கல் - பழனி ரோட்டுல ரெட்டியார்சத்திரம் பக்கம் அமைஞ்சா, லிஸ்ட்ல இன்னொரு வேலையையும் சேர்த்துக்குங்க. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பசங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிற வேலை.

'அதான் வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கே'ன்னு இழுக்காதீங்க. வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்க்கத் தெரிஞ்ச விரலுக்கு, ஒரு ஃபைலை சேவ் பண்ணி மறுநாள் தேடி எடுக்கத் தெரியணும்னு கட்டாயமில்ல. 2018-ல இருந்து இன்ஜினீயரிங் கவுன்சலிங்கே ஆன்லைன். பிரவுசிங் சென்டர்ல வேற யாரோ தன் பாஸ்வேர்டைத் தட்ட, பக்கத்துல கையைக் கட்டி நிக்கிற பொண்ணை யோசிச்சுப் பாருங்க. அவளோட நாலு வருஷப் படிப்பை இன்னொருத்தர் விரல் க்ளிக் பண்ணுது!

இந்த ஏரியாவுக்கு கம்ப்யூட்டர் ஒண்ணும் புதுசில்ல. 2004 அக்டோபர்ல அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வச்ச கிராம வள மையங்கள்ல ஒண்ணு, இதே மாவட்டத்துச் செம்பட்டியில வந்தது. இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கைகோத்த திட்டம். அதுக்கும் முன்னாடி, 1998-ல அந்த நிறுவனம் புதுச்சேரி கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சது. வீராம்பட்டினத்துல அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துல அலை உயரம் பார்த்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில சொன்னாங்க. ஊருக்கு என்ன தேவையோ அது முதல்ல, கம்ப்யூட்டர் அப்புறம்.

அதனால 'சி.பி.யு. என்றால் என்ன?'ன்னு நோட்ஸ் கொடுத்து கொட்டாவி விட வைக்காதீங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இன்னிக்குத் தக்காளி என்ன விலைன்னு கேளுங்க. தினம் ஒரு விலைன்னு எக்செல்ல ஏத்தச் சொல்லுங்க. ஏழாவது நாள் அதை கிராஃப் ஆக்கிக் காட்டினா, தோட்டம் வச்சிருக்கிற வீட்டுப் பையன் சும்மா உட்கார மாட்டான்.

டைப்பிங்? தமிழ்லயே ஆரம்பிங்க. 1999-ல தமிழக அரசு அங்கீகரிச்ச தமிழ்99 விசைப்பலகையில, இங்கிலீஷ் எழுத்துப்படி சொன்னா ஏ, கே, கே, க்யூ... நாலே தட்டு, 'அம்மா' வந்துடும். நடுவுல புள்ளி தானா விழும். அந்தப் புள்ளிக்கே பசங்க கத்துவாங்க பாருங்க!

டெல்லி கல்காஜியில 1999 ஜனவரியில சுகதா மித்ரா சுவத்துல ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரை வச்ச கதை தெரிஞ்சிருக்கும். வாத்தியாரே இல்லாம பசங்களே கத்துக்கிட்டாங்க. அதைக் கொஞ்சம் ஓவராவே கொண்டாடிட்டோம்னு நினைக்கிறேன். ஆள் மேய்க்காத இடத்துல பலசாலிப் பையன்தான் முன்னாடி நிப்பான், பொம்பளைப் பிள்ளைங்க பின்னாடி நின்னு எட்டிப் பார்க்கும். ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர், பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இடம் மாறணும், முதல் பத்து நிமிஷம் பொண்ணுங்களுக்கு. ரூல்னா ரூல்.

உங்களுக்கும் ஒரு ரூல். பையன் தடுமாறும்போது, 'இங்க கொடுடா'ன்னு மவுஸைப் பிடுங்கக் கை பரபரக்கும். கையைப் பின்னாடி கட்டிக்குங்க. வாயால மட்டும் சொல்லுங்க. அஞ்சு நிமிஷம் ஆனாலும் ஆகட்டும்.

கடைசி நாள் சர்டிஃபிகேட்டையும் நீங்க அடிச்சுத் தராதீங்க. அவங்கவங்க பேரை அவங்களே அடிச்சு பிரிண்ட் எடுக்கட்டும். தப்பா அடிச்சா? பேக்ஸ்பேஸ் எங்க இருக்குன்னு முதல் நாளே காட்டியிருப்பீங்களே!