மலையேறுமுன் மருத்துவரிடம் ஒரு கேள்வி

கோடை விடுமுறை நெருங்கும் மாதங்களில் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கும் தறுவாயில் உறவினர்கள் கேட்பார்கள்: “டாக்டர், அப்பாவை ஊட்டிக்கு அழைத்துக்கொண்டு போகலாமா?” பெரும்பாலும் அதற்குள் அறை பதிவாகியிருக்கும், வண்டி பேசி முன்பணமும் கொடுத்தாகியிருக்கும், பேரப்பிள்ளைகள் நாட்களை எண்ணத் தொடங்கியிருப்பார்கள்.

நோயாளிகளில் பெரும்பாலோர்க்கு எங்கள் விடை “தாராளமாகச் செல்லலாம்” என்பதே. மாதக்கணக்கில் படுக்கையையும் மாத்திரைப் பெட்டியையும் பார்த்துச் சலித்தவருக்குப் பசுஞ்சரிவுகளும் குளிர்காற்றும் தரும் உள்ளக்கிளர்ச்சி சிறிதன்று. அவரை இரவும் பகலும் கவனித்துக்கொண்ட குடும்பத்தினருக்கும் அந்த ஓய்வு தேவை. ஆயினும் சிலருக்கு “இப்போது வேண்டாம், சில வாரங்கள் கழியட்டும்” என்று சொல்ல நேர்கிறது. மிகச் சிலருக்கு அப்பயணம் கண்பார்வையையோ உயிரையோ பறிக்கக்கூடியது. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை நீலகிரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விதழில் விளக்க விரும்புகிறோம். ஏறத்தாழ அதே உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானலுக்கும் இவை பொருந்தும்.

நலம் தேடி ஏறிய மலை

நீலகிரிக்கும் மருத்துவத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1819ஆம் ஆண்டு கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பகுதிக்கு ஏறிவந்தார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் ஆகிய மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவந்த அம்மலையை, சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த ஆங்கிலேயர் உடல் தேறும் இடமாகக் கொண்டனர். மலேரியாவுக்கு மருந்தாகிய குவினைனைத் தரும் சின்கோனா மரங்கள் 1860ஆம் ஆண்டு முதல் இங்கே பயிரிடப்பட்டன. 1907ஆம் ஆண்டு குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடிக்கான தடுப்பு மருந்துப் பணியில் பெயர்பெற்றது. அந்நிறுவனத்தின் ஓர் அறையில் 1918ஆம் ஆண்டு இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வே பின்னர் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

எனவே, உடல்நலம் நாடி நீலகிரிக்குச் செல்வது புதிய வழக்கமன்று. அக்காலத்தவர் பல நாட்கள் மெல்ல மெல்ல ஏறிச்சென்று, வாரக்கணக்கில் தங்கினர். நாமோ மேட்டுப்பாளையத்தில் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு நண்பகலுக்குள் உதகையில் நிற்கிறோம். மூன்றாம் நாள் இறங்கிவிடுகிறோம். உடல் தன்னைப் பழக்கிக்கொள்ள நாம் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு.

உயரம் உடலுக்குச் செய்வது

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். சுமார் 50 கிலோமீட்டர் சாலைப் பயணத்தில் 1,900 மீட்டர் மேலே ஏறிவிடுகிறோம். மலைப்பாதையில் ஏறும்போது குழந்தைகள் வைத்திருக்கும் சிப்ஸ் பொட்டலம் பலூன் போல உப்புவதைப் பலர் கண்டிருப்பீர்கள். பொட்டலத்துக்குள் இருக்கும் காற்றின் அளவு மாறவில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டதால் உள்ளிருக்கும் காற்று விரிகிறது.

உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் நான்கில் மூன்று பங்கே. காற்றில் உயிர்வளியின் விகிதம் மாறுவதில்லை என்றாலும், அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிட்டும் உயிர்வளி குறைகிறது. அதனை ஈடுகட்ட மூச்சு வேகமாகிறது, நாடித்துடிப்பு உயர்கிறது, முதல் ஓரிரு நாட்களில் இரத்த அழுத்தமும் சற்று ஏறலாம். உடல்நலமுள்ளவர் இதனைப் பெரிதாக உணர்வதில்லை. கடும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தோன்றுகிறது. நீலகிரியில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா போன்ற சிகரங்களே அவ்வெல்லையைத் தாண்டுகின்றன. ஆனால் ஏற்கெனவே முழுத்திறனில் உழைத்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இச்சிறு கூடுதல் சுமையே பெரிதாகிவிடலாம்.

பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியவர்கள்

முதலில் கூற வேண்டியது விழித்திரை அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றி. விழித்திரை விலகலைச் சரிசெய்யும்போது சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக்குமிழ் ஒன்றை வைப்பதுண்டு. சிப்ஸ் பொட்டலத்தின் நிலை அக்கண்ணுக்கும் நேரும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்வதற்குள் குமிழ் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விரிய முனையும். கண்ணுக்குள் விரிய இடமில்லாததால் அழுத்தம் ஏறிக் கடும் வலியும் பார்வையிழப்பும் நேரலாம். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். விமானம் கூடாது என்று கேட்டறிந்தவர்கள்கூட மலைச்சாலையும் கூடாது என்பதை மறந்துவிடுகின்றனர். “குமிழ் முற்றிலும் கரைந்துவிட்டது” என்று கண் மருத்துவர் சொல்லும்வரை மலையேறக் கூடாது. நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து அது சுருங்கியதற்காக அண்மையில் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மாரடைப்பு ஏற்பட்டோ இதய அறுவை செய்துகொண்டோ சில வாரங்களே ஆனவர்கள், ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், கால்வீக்கமும் மூச்சுத்திணறலும் அண்மையில் கூடியவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், கடும் இரத்தசோகை உடையவர்கள், வீட்டில் ஆக்ஸிஜன் பயன்படுத்துபவர்கள் ஆகியோர் மருத்துவரின் வெளிப்படையான இசைவின்றிப் புறப்பட வேண்டாம். அரிவாள் அணு சோகை உடையவர்களுக்கு உயரம், குளிர், நீரிழப்பு மூன்றும் சேர்ந்து கடும் வலித்தாக்குதலைத் தூண்டலாம். 1952ஆம் ஆண்டு நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த இரத்தப் பண்பு கண்டறியப்பட்டது. சமவெளியிலிருந்து அங்கே செல்லும் நோயாளிகள் முன்கூட்டியே ஆலோசனை பெறுவது இன்றியமையாதது.

செல்லத்தக்கவர்கள், ஆயத்தத்துடன்

இதயநோய் நிலைபெற்றுக் கட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தோராயமான அளவுகோல் ஒன்று உண்டு. நெஞ்சுவலியோ கடும் மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடிப் படிகளை இயல்பான வேகத்தில் ஏற முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையெனில், பயணம் பற்றி முடிவெடுக்குமுன் எங்களிடம் வாருங்கள். முடிந்தாலும் மருத்துவரின் கருத்தைக் கேட்பது நன்று. நாவின் அடியில் வைக்கும் மாத்திரை பெட்டியின் அடியில் கிடக்காமல் நோயாளியின் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று அஞ்சிப் பயண நாளில் நீர் மாத்திரையை விட்டுவிடுவோர் பலர். இதயம் பலவீனமானவருக்கு இது அன்றிரவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். மாத்திரையை நிறுத்த வேண்டாம். எடுக்கும் நேரத்தை மாற்றலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் சரிவுகளில் நடக்கும்போது சர்க்கரை வழக்கத்தைவிட விரைவாகக் குறையலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியவற்றைக் குளிரின் விளைவென்று எண்ணிவிடக் கூடாது. சர்க்கரை அல்லது குளுக்கோஸ் எப்போதும் கையில் இருக்கட்டும். இன்சுலின் உறையக் கூடாது. உறைந்து உருகிய இன்சுலின் பயன்படாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உதகையில் உறைபனி விழுவதுண்டு. அப்போது மருந்தை வண்டியில் விட்டுவிடாமல் அறைக்குள் கைப்பையில் வைத்திருங்கள். கால் மரத்துப்போனவர்கள் கணப்பின் அருகே காலை நீட்டுவதும் வெந்நீர்ப்பை வைத்துக்கொள்வதும் வேண்டாம். சுடுவது தெரியாமலேயே புண்ணாகிவிடும்.

ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்குக் குளிர்காற்றே இழுப்பைத் தூண்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். விடியற்காலை உலாவைத் தவிர்த்து வெயில் ஏறியபின் வெளியே செல்லுங்கள். இன்ஹேலரை வழக்கம்போல் தொடருங்கள்.

ஏறும் வழி

தொலைவிலிருந்து வருவோர் இரண்டு மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திச் சற்று நடக்க வேண்டும். நெடுநேரம் கால்மடக்கி அமர்ந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. இயலுமாயின் ஓரிரவு குன்னூரில் தங்கி மறுநாள் உதகைக்கு ஏறலாம். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரமே; உடலுக்கு ஒரு படிநிலை கிடைக்கும்.

மலை இரயிலை விரும்புவோர் அது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையுள்ள 46 கிலோமீட்டரை ஏற ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும் என்பதை நினைவில் கொள்ளவும். 16 சுரங்கங்களையும் 250 பாலங்களையும் கடக்கும் அப்பயணம் மறக்கவியலாதது. ஆனால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவர்களுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் உடன் ஒரு வண்டியே ஏற்றது. குன்னூர்–உதகைப் பகுதியை மட்டும் இரயிலில் சென்று பார்ப்பது நல்ல இடைவழி.

கொண்டையூசி வளைவுகளில் குமட்டல் வருபவர்கள் முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவை நோக்கட்டும், கைப்பேசியை மூடிவைக்கட்டும், எளிய உணவு போதும். குமட்டல் மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எடுத்தால்தான் பயன் தரும். அவற்றுள் சில, கண் அழுத்தநோயும் புராஸ்டேட் வீக்கமும் உள்ளவர்களுக்கு ஆகாதவை. உறக்கம் தருவதால் ஓட்டுநருக்கும் ஆகாது.

மலைமீது

முதல் நாளை ஓய்வுக்கு ஒதுக்குங்கள். காணும் இடங்களை அழகால் மட்டுமன்றிச் சரிவாலும் தேர்ந்தெடுங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்கா பள்ளத்தில் அமைந்தது. இறங்குவது எளிது, திரும்பி ஏறுவதே சுமை. உதகை ரோஜாப் பூங்காவும் அடுக்கடுக்கானது. தாவரவியல் பூங்காவின் கீழ்ப்பகுதிப் புல்வெளியும் ஏரிக்கரையும் முதியவர்களுக்கு ஏற்றவை. குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் நடையே அனைவரின் நடையாக இருக்கட்டும்.

குளிரில் தாகம் தெரியாது. ஆயினும் நீர் அருந்துங்கள். நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் அவ்வளவைக் கடைப்பிடிக்க வேண்டும். நீலகிரியில் ஒருமுறை பயன்படும் நெகிழிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் புட்டியை எடுத்துச்செல்லுங்கள். வாகனத்தில் செல்வோர் இ-பாஸ் பெறும் நடைமுறை 2024 மே மாதம் முதல் உள்ளது; அதனையும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

எவர் உடலுக்கும் பொருந்தும் எச்சரிக்கை ஒன்று. குளிருக்காகக் கரி அடுப்பையோ மீந்த கங்குகளையோ மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துவிடுவார். கம்பளி போதவில்லையெனில் விடுதியில் இன்னொன்று கேளுங்கள்.

குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்குங்கள். ஊர் திரும்பியபின் என்று தள்ளிப்போட வேண்டாம். மழைக்காலக் காடுகளில் அட்டை கடிக்கும். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்களுக்கு அக்காயத்தில் கசிவு நெடுநேரம் நிற்காது. சுத்தமான துணியால் விடாது அழுத்திப் பிடியுங்கள். நெஞ்சுவலி, ஓய்விலும் தணியாத மூச்சுத்திணறல், குழப்பம், ஒருபக்கத் தளர்ச்சி ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

திரும்பிய பின்

மலையிலிருந்து வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், “மலைக்குச் சென்றிருந்தோம்” என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். புதர்களில் வாழும் நுண்பூச்சியால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் தமிழக மலைப்பகுதிகளில் காணப்படுகிறது. அக்குள், இடுப்பு போன்ற மறைவிடங்களில் வலியற்ற கருநிறப் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். உரிய நேரத்தில் கண்டறிந்தால் எளிய மாத்திரைகளால் குணமாகும்.

இவை அனைத்தையும் படித்துவிட்டுப் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. அறை பதிவு செய்வதற்கு முன், புறப்படும் நாளுக்கு இரண்டு வாரங்களேனும் இருக்கும்போது, மருந்துப் பட்டியலையும் பழைய பரிசோதனைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். எந்த ஊர், எத்தனை நாள், எந்த வழி என்று சொல்லுங்கள். மருந்துகளின் நேரத்தைச் சீர்செய்து, நோயின் சுருக்கத்தை ஒரு தாளில் எழுதித் தருகிறோம். சிலருக்கு நாள் மாறும். சிலருக்கு உதகைக்கு மாற்றாக ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமேயுள்ள ஏலகிரி பொருத்தமாக அமையும். அப்பாவும் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து மலையைக் காண்பார்.