நாற்பதுகளில் ஏன் இந்த அனல்?

மைசூரு அக்ரஹாரத்தின் குளிர்ந்த மார்கழிக் காலையிலும் 45 வயதுப் பெண்ணுக்கு நெஞ்சிலிருந்து முகம்வரை திடீரென அனல் பரவி வியர்த்துக் கொட்டலாம். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இது இயல்பு.

ஏன்?

பிறக்கும்போது சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். நாற்பதுகளில் அந்த இருப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மிஞ்சியவற்றைத் தூண்டப் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனோ ஒரு மாதம் ஏறி, மறுமாதம் இறங்குகிறது. இதனால் மூளையின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுகிறது. உடல் லேசாகச் சூடேறினாலே தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து வியர்வை பெருகுகிறது.

எப்படி அறிவது?

மாதவிடாய்ச் சுழற்சியின் நீளம் மாதத்துக்கு மாதம் 7 நாளோ அதற்கு மேலோ மாறுவது முதல் அடையாளம். தூக்கமின்மை, எரிச்சல், மறதி, மூட்டுவலி, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவையும் சேரலாம். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இவற்றில் சில அறிகுறிகளைத் தரும் என்பதால் அவற்றைப் பரிசோதிப்பது நல்லது.

இந்தியாவில் சராசரியாக 46 வயதையொட்டி மாதவிடாய் நிற்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராதிருந்தால்தான் நின்றதாகக் கொள்ள வேண்டும். அதுவரை கருத்தரிக்க வாய்ப்புண்டு.

அதிக ரத்தப்போக்கு, இடையிடையே கசிவு, நின்றபின் மீண்டும் ரத்தம் என எது நேர்ந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மைசூரில் செலுவாம்பா அரசு மருத்துவமனை பெண்களுக்கானது. "வயசானா அப்படித்தான்" என்று சகித்துக்கொள்ள வேண்டாம், சிகிச்சை உண்டு.