எந்தச் சாலைக்கு எந்த மகிழுந்து?

புதிய மகிழுந்து வாங்க எண்ணும் குடும்பங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதே அது. விற்பனையாளரும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். ஆனால், அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுத்தால் பின்னர் ஏமாற்றம் அடைய நேரலாம். கோலாலம்பூரின் மாலை நேர நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சீராகச் செல்லும்போதும் ஒரே மகிழுந்து ஒரே அளவு எரிபொருளைச் செலவிடுவதில்லை. சிக்கனத்திற்குப் பெயர்பெற்ற டீசல், ஹைபிரிட் ஆகிய இருவகை மகிழுந்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இதற்கான காரணம் விளங்கும்.

ஜெர்மனியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் தம் இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பெட்ரோல் இயந்திரத்தில் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி எரியச் செய்கிறது. டீசல் இயந்திரத்திற்குத் தீப்பொறி தேவையில்லை. அதன் உருளைக்குள் காற்று மிகுந்த அழுத்தத்தில் நெருக்கப்படுகிறது. மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடேறுவதை நாம் தொட்டு உணர்ந்திருப்போம். அவ்வாறே, உருளைக்குள் நெருக்கப்பட்ட காற்றும் சூடாகிறது. அதன் வெப்பம் 500 பாகை செல்சியசையும் தாண்டும். அக்காற்றில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. இவ்வாறு மிகுதியாக நெருக்கி எரிக்கும்போது, எரிபொருளின் ஆற்றலில் கூடுதல் பங்கு சக்கரத்தைச் சுழற்றும் விசையாக மாறுகிறது. சாதாரணப் பெட்ரோல் மகிழுந்தைவிட டீசல் மகிழுந்து சிக்கனமாக ஓடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். குறைந்த வேகத்திலும் நல்ல இழுவிசை கொண்டிருப்பதால் சுமை ஏற்றிச் செல்லும் வாகனங்களுக்கும் டீசல் இயந்திரம் பொருத்தமாக உள்ளது.

ஹைபிரிட் மகிழுந்து வேறு வழியில் சிக்கனத்தைத் தேடுகிறது. அதில் பெட்ரோல் இயந்திரம், மின்சார மோட்டார், மின்கலம் ஆகிய மூன்றும் சேர்ந்து இயங்குகின்றன. 1997ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், பேரளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைபிரிட் மகிழுந்தாகும். பெட்ரோல் இயந்திரம் மெதுவாக ஊர்ந்து செல்லும்போதும் நின்றுகொண்டே ஓடும்போதும் எரிபொருளை வீணாக்குகிறது. ஹைபிரிட்டில் அந்நேரங்களில் இயந்திரம் பெரும்பாலும் நின்றுவிடும். மோட்டார் மட்டும் வண்டியை நகர்த்தும். இயந்திரம் சிறப்பாகச் செயல்படக்கூடிய வேளையில் மட்டும் அது மீண்டும் இயங்கத் தொடங்கும்.

இவ்விரண்டில் எது சிக்கனமானது என்பதை அறிய, ஆற்றல் எங்கே வீணாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நகரச் சாலையில் ஆற்றலை விழுங்குவது பிரேக்தான். ஓடும் வண்டியைச் சமிக்ஞை விளக்கின்முன் நிறுத்தும்போது, அதுவரை எரிபொருளைச் செலவிட்டுப் பெற்ற இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகி மறைகிறது. பச்சை விளக்கு எரிந்தவுடன் அதே ஆற்றலை மீண்டும் புதிதாக உண்டாக்க வேண்டியுள்ளது. டீசல் மகிழுந்து எவ்வளவு சிறந்த இயந்திரத்தைக் கொண்டிருந்தாலும் இந்த இழப்பிலிருந்து தப்ப முடியாது. ஹைபிரிட் மகிழுந்திலோ, வேகத்தைக் குறைக்கும்போது சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. மோட்டார் மின்னாக்கியாக மாறி, அந்த ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்தில் சேமிக்கிறது. அடுத்த முறை வண்டி புறப்படும்போது அம்மின்சாரம் பயன்படுகிறது. எனவே, நின்று நின்று செல்லும் நகரப் பயணத்தில் ஹைபிரிட்டே முந்தி நிற்கிறது.

நெடுஞ்சாலையில் நிலைமை மாறுகிறது. அங்கே பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டியதில்லை. ஆதலால், சேமித்து வைக்கத்தக்க ஆற்றலும் அதிகம் கிடைப்பதில்லை. அங்கே முதன்மையான எதிரி காற்றுத்தடை. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியில் பெரும்பாலான நேரம் இயந்திரமே ஓய்வின்றி உழைக்கிறது. இத்தகைய சீரான ஓட்டத்தில் டீசல் இயந்திரத்தின் திறன் முழுமையாக வெளிப்படுகிறது. நகரத்தில் இருந்த இடைவெளி இங்கே சுருங்கிவிடும். சில வேளைகளில் டீசல் மகிழுந்து ஹைபிரிட்டை முந்துவதும் உண்டு.

இத்துடன் ஒப்பீடு முடிந்துவிடவில்லை. ஒரு லிட்டர் டீசலும் ஒரு லிட்டர் பெட்ரோலும் சமமானவை அல்ல. டீசல் அடர்த்தி மிகுந்தது. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் அடங்கியுள்ளது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் மட்டுமே உள்ளது. டீசல் மகிழுந்து ஒரு லிட்டரில் கூடுதல் தூரம் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆற்றலைப் போலவே கரிமமும் அதில் மிகுதி. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. பெட்ரோலில் இது ஏறத்தாழ 2.3 கிலோகிராம்.

விலையையும் மறந்துவிடலாகாது. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசலின் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. சபா, சரவாக், லாபுவான் ஆகிய இடங்களில் பழைய விலையே நீடித்தது. அப்போது ரோன் 95 பெட்ரோலின் விலை 2 ரிங்கிட் 5 சென். நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டர் செல்ல ஒரு டீசல் மகிழுந்துக்கும் ஒரு ஹைபிரிட் மகிழுந்துக்கும் தலா 15 லிட்டர் தேவைப்படுவதாக வைத்துக்கொள்வோம். விலை உயர்வுக்கு முன்னர் டீசலுக்கு 32 ரிங்கிட் 25 சென்னும் பெட்ரோலுக்கு 30 ரிங்கிட் 75 சென்னும் செலவாகியிருக்கும். வேறுபாடு 1 ரிங்கிட் 50 சென்தான். மறுநாளே டீசல் செலவு 50 ரிங்கிட் 25 சென்னாகி, வேறுபாடு 19 ரிங்கிட் 50 சென்னாகப் பெருகியிருக்கும். வண்டியும் மாறவில்லை, சாலையும் மாறவில்லை, குடும்பத்தின் செலவுக் கணக்கு மட்டும் மாறிவிட்டது. எரிபொருள் சிக்கனமும் பணச் சிக்கனமும் எப்போதும் ஒன்றல்ல என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

பராமரிப்பும் கருத்தில் கொள்ளத்தக்கது. இக்கால டீசல் மகிழுந்துகளின் புகைக்குழாயில் கரித்துகள்களைத் தடுக்கும் வடிகட்டி உள்ளது. அதில் படியும் துகள்களை எரித்து அகற்ற, புகைக்குழாய் நன்கு சூடேற வேண்டும். பள்ளிக்கும் சந்தைக்குமாகக் குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியில் அந்தச் சூடு கிடைப்பதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஹைபிரிட்டிலோ, மின்கலம் பழுதடைந்து மாற்ற நேர்ந்தால் பெருந்தொகை செலவாகலாம்.

ஆகவே, நாள்தோறும் நகர நெரிசலில் வேலைக்குச் சென்று திரும்புபவருக்கு ஹைபிரிட் ஏற்றது. சுமையுடன் நெடுந்தூரம் செல்பவருக்கு டீசல் கைகொடுக்கும். மகிழுந்து வாங்குவோர், "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்று கேட்பதற்கு முன், "நம் வண்டி எந்தச் சாலையில் ஓடப்போகிறது?" என்று தம்மையே கேட்டுக்கொள்வது நன்று.

வீட்டில் ஏற்கெனவே உள்ள மகிழுந்தின் உண்மையான சிக்கனத்தை நாமே கண்டறியலாம். எரிபொருள் கலனை முழுமையாக நிரப்பி, தூரங்காட்டி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நாள் கழித்து மீண்டும் முழுமையாக நிரப்ப வேண்டும். இடையில் ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால், நம் சாலைக்கும் நாம் ஓட்டும் முறைக்கும் உரிய எண் கிடைத்துவிடும். விற்பனையாளர் கூறும் எண்ணைவிட நமக்குப் பெரிதும் பயன்படுவது அந்த எண்ணே.