உடலுக்கென அரை மணி நேரம்

எவ்வளவு நேரம் போதும்?

வயது வந்த ஒருவர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலசைவில் ஈடுபட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல். மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையாகச் செய்தால் 75 முதல் 150 நிமிடமே போதும். மிதமான வேகத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: நடந்துகொண்டே பேச முடியும், ஆனால் பாட முடியாது. 150 நிமிடத்தை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 22 நிமிடத்துக்கும் குறைவு. இதனுடன் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி தேவை. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழக்கும் பயிற்சியும், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் வேண்டும்.

இந்த அசைவைக் குறைந்தது பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகச் செய்ய வேண்டும் என்பது 2010 ஆம் ஆண்டு வழிகாட்டலின் நிபந்தனை. 2020 இல் அது நீக்கப்பட்டது. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம், படியேறும் இரண்டு நிமிடம் எல்லாமே கணக்கில் சேரும். நாள் முழுவதும் ஓய்வில்லாத குடும்பங்களுக்கு இந்த மாற்றம் மிகவும் உதவக்கூடியது.

இந்தச் சிறிய அளவுக்கும் பலன் உண்டு. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து சென்னையில் வைத்தியர் அ. ராமச்சந்திரன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2006 இல் வெளியாகின. உணவைத் திருத்தி, நாள்தோறும் அரை மணி நேரம் நடந்தவர்களிடம் நோய் முற்றும் வாய்ப்பு 28.5 வீதம் குறைந்திருந்தது. ஏற்கெனவே உடல் உழைப்பில் இருந்தவர்களிடம் அந்த உழைப்பையே தொடரும்படி கூறப்பட்டது.

தோட்ட வேலை மட்டும் போதுமா?

கேகாலை மாவட்டம் இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களோடு சேர்ந்து இலங்கையின் முதன்மையான இறப்பர் நிலம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கண்டி வீதியில் உள்ள வரக்காப்பொலையைச் சுற்றி இறப்பரும் தென்னையும் மிகுதி. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் போனால் தேயிலை மலைகள். "நாள் முழுக்க மலையில் நிற்கிறவர்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்ற கேள்வி இங்கே இயல்பாகவே எழும்.

பாதி பதில் சென்னை ஆய்வில் இருக்கிறது. இரத்தத்தில் சீனியை எரிக்க எந்த அசைவும் உதவும். மறுபாதியை டென்மார்க் ஆய்வாளர் அன்றியாஸ் ஹோல்டர்மன் 2012 இல் எழுதிய கட்டுரையொன்றில் முன்வைத்தார். ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சி இதயத்துக்குத் தரும் நன்மையைக் கடினமான தொழில் அதே அளவில் தருவதில்லை, சிலருக்குக் கேடாகவும் முடிகிறது என்பது அவர் கருத்து. எல்லா ஆய்வுகளும் இதை ஏற்பதில்லை. ஆனால் அவர் காட்டும் காரணங்கள் தோட்டத்துக்குப் பொருந்துகின்றன. பயிற்சி குறுகிய நேரத்தில் இதயத்தை வேகமாக இயக்கிவிட்டு அதற்கு ஓய்வும் தருகிறது. தொழிலோ மணிக்கணக்கில் ஒரே தசைகளை இழுத்துப் பிடித்து வைக்கிறது, இளைப்பாற இடமும் தருவதில்லை.

இறப்பர் மரத்தில் பால் வெட்டுபவரின் நாளைப் பார்த்தால் இது விளங்கும். வெயில் ஏறுமுன் மரத்தினுள் நீரழுத்தம் அதிகமாக இருப்பதால் அப்போதுதான் பால் நன்றாக ஓடும். ஆகவே விடியும் முன்பே வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து, கழுத்தைச் சாய்த்து, ஒரே கையால் கத்தியை இழுக்கும் அசைவு நூற்றுக்கணக்கான மரங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சரிவில் சுமக்க வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குச் சுமை கழுத்திலும் தோளிலும் ஏறுகிறது. இடுப்பும் முழங்காலும் தோளும் தேய்கின்றன. எதிர்த்திசையில் அசைய வேண்டிய தசைகளோ வேலையின்றிக் கிடக்கின்றன.

ஆகவே உழைப்பாளிக்குக் கூடுதல் களைப்பு தேவையில்லை. வேலை விட்டுவைத்த அசைவுகளைச் செய்யப் பத்து நிமிடம் போதும். இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி மெல்லப் பின்னால் வளைதல், தோள்களைச் சுழற்றுதல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், படியில் குதிகாலைத் தாழ்த்திக் கெண்டைக்கால் தசையை நீட்டுதல் ஆகியவை அதற்கு ஏற்றவை. வேலைக்கு முன் இரண்டு நிமிடமும், வேலை முடிந்து குளிக்குமுன் எட்டு நிமிடமுமாகப் பிரித்துக்கொள்ளலாம். மழையால் பால்வெட்டு நின்ற நாட்களில் பேரும் (அன்றைய சம்பளமும்) கிடைப்பதில்லை, உடலும் அசைவதில்லை. வழக்கமான நடை அந்த நாட்களுக்குத்தான் அதிகம் தேவை.

உட்கார்ந்து கழியும் நாள்

தோட்டக் குடும்பங்களின் அடுத்த தலைமுறையில் பலர் மலைக்குப் போவதில்லை. கடை, ஆடைத் தொழிற்சாலை, அலுவலகம், முச்சக்கர வண்டி என அவர்களின் பிழைப்பு மாறிவிட்டது. வரக்காப்பொலையிலிருந்து கொழும்புப் பக்கம் நாள்தோறும் போய்வருபவருக்குப் பஸ்ஸிலேயே சில மணி நேரம் கழிகிறது. அப்பாவின் அளவுக்கே சோறு உண்ணும் மகன், அப்பா நடந்த தூரத்தில் சிறு பங்கும் நடப்பதில்லை.

உட்கார்ந்தே இருப்பதன் விளைவை முதலில் கணக்கெடுத்துக் காட்டியது பஸ் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வுதான். பிரித்தானிய வைத்தியர் ஜெரி மொரிஸும் அவருடைய குழுவினரும் 1953 இல் வெளியிட்ட ஆய்வில் லண்டன் மாடிப் பஸ்களில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டார்கள். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த சாரதிகளைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஒரே நிறுவனம், ஒரே பஸ் என்றிருந்தும் அசைவில் இருந்த வேறுபாடு நோயிலும் தெரிந்தது.

முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் காத்திருப்பவரும், கடையில் முதலாளியின் கதிரையில் இருப்பவரும் அரை மணிக்கொரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பது நல்லது. சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தால் உணவுக்குப் பின் ஏறும் சீனியின் அளவு தணியும்.

நாளில் நேரம் எங்கே இருக்கிறது?

புதிதாக அரை மணி நேரத்தைத் தேடுவதைவிட, ஏற்கெனவே உள்ள வேலைகளோடு அசைவைச் சேர்ப்பதே நிலைக்கும். பஸ்ஸில் போய்வருபவர் மாலையில் தரிப்பிடத்திலிருந்து வீடு வரை ஆட்டோவைத் தவிர்த்து நடக்கலாம். ஆனால் கண்டி வீதியின் ஓரம் நடைக்கு ஏற்றதல்ல. பகலும் இரவும் லொறியும் பஸ்ஸும் ஓடும் வீதி அது. தோட்டப் பாதைகளும் பாடசாலை மைதானமும் கோயில் வளாகமும் அதைவிடப் பாதுகாப்பானவை. இருட்டில் நடப்பவர் வெளிர்நிற உடை அணிந்து, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலப்பக்க ஓரத்தில் நடக்க வேண்டும்.

நேரம் மிகக் குறைவாக உள்ளவர்கள் வேலைக்குப் போகும் பெண்கள்தான். பிரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) போகுமுன் அடுப்பு, பிள்ளைகள், தண்ணீர். திரும்பி வந்தால் மீண்டும் அடுப்பு, விறகு, துணி. இவர்களிடம் "நேரம் ஒதுக்குங்கள்" என்று சொல்வது வெறும் அறிவுரையாகவே நின்றுவிடும். வீட்டு வேலையில் ஒரு பங்கைக் கணவரோ வளர்ந்த பிள்ளைகளோ ஏற்காமல் அந்த அரை மணி நேரம் பிறக்காது. மாலையில் ஒருவர் பாத்திரம் கழுவினாலே மற்றவருக்கு இருபது நிமிடம் கிடைத்துவிடும். லயத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடந்தால் பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, பேச்சுக்குப் பேச்சு, நடைக்கு நடை.

முதியவர்களுக்கு நடையோடு வலுவும் முக்கியம். கைகளை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்றல் இரண்டும் விழுவதைத் தடுக்க உதவும். ஈரமும் பாசியும் படிந்த தோட்டப் படிகளில் ஒரு தடவை விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம்.

மழையும் வெயிலும்

கேகாலை அமைந்துள்ள சப்ரகமுவ மாகாணத்தின் பெரும்பகுதி ஈரவலயத்தைச் சேர்ந்தது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வேர்வை எளிதில் உலராது, உடல் விரைவில் சூடேறும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் நடப்பது சுகமானது. இடி கேட்டால் திறந்த வெளியையும் தனி மரங்களையும் விட்டு விலகிக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

மழை நாளில் இஸ்தோப்பும் காம்பராவுமே பயிற்சிக் களம். நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடத்தல், வாசல்படியில் ஏறி இறங்குதல், பாதி உட்கார்ந்து எழுதல், தண்ணீர் நிரப்பிய ஒரு லீட்டர்ப் போத்தல்களைத் தூக்குதல் என நான்கு பயிற்சிகளை மூன்று சுற்றுச் செய்தால் பதினைந்து நிமிடம் ஆகிவிடும்.

உணவும் தூக்கமும்

சீனி போட்ட தேத்தண்ணியும் கோதுமை மா ரொட்டியும் தோட்டத்தின் அன்றாட உணவு. ஒரு நாளில் ஆறு கோப்பை தேத்தண்ணி, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் பன்னிரண்டு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 50 கிராம். தேத்தண்ணியில் மட்டுமே உலகச் சுகாதார நிறுவனத்தின் நாளாந்த மேல்வரம்பு எட்டப்பட்டுவிடுகிறது. கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி வீதம் வாரந்தோறும் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். வரக்காப்பொலைக்குப் பேர்பெற்றுத் தந்த தலகுலி என்ற பலகாரத்தில் எள் இருந்தாலும் வெல்லமும் தாராளம், ஆகவே இனிப்பு விசேட நாட்களுக்கே உரியது. ரொட்டியோடு கீரை, பருப்பு, முட்டை ஏதேனும் ஒன்று சேர்ந்தால்தான் தசைக்கு உரம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்கு மேற்படக் கூடாது என்பதால் கருவாடும் சம்பலும் அளவோடு வேண்டும்.

புகையிலை சேர்த்த வெற்றிலையும், புகையிலை இல்லாத வெறும் பாக்கும்கூட வாய்ப்புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுதான்.

பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுபவர் இரவு ஒன்பது மணிக்குள் படுக்க வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சித் தொடரும் கைத்தொலைபேசியும் களவாடும் நேரம் இந்தத் தூக்கத்திலிருந்தே போகிறது.

பரிசோதனைக்கும் ஒரு நாள்

இலங்கையில் ஐந்து மரணங்களில் நான்குக்கு மேல் இதய நோய், பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் நேர்கின்றன. இவற்றில் பல தொடக்கத்தில் வலி தராதவை. உடல் நன்றாக இருப்பதாக உணர்வது மட்டும் சான்றாகாது. 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் நிறுவப்பட்டு வரும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் 35 வயதைக் கடந்தவர்கள் இரத்த அழுத்தம், சீனி, எடை ஆகியவற்றை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 இல் தொடங்கியவை. மார்பு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனைகள் அங்கே நடைபெறுகின்றன. எந்த நாளில் எங்கே என்பதைக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமோ, வரக்காப்பொலை வைத்தியசாலையிலோ கேட்டறியலாம். பேர் இழக்காமல் போய்வரத் தோட்ட நிருவாகத்திடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

நினைவில் வைக்க வேண்டிய அளவுகள் சில. இரத்த அழுத்தம் 140/90 ஐ எட்டினாலும், வெறும் வயிற்றில் சீனி டெசிலீட்டருக்கு 126 மில்லிகிராமை எட்டினாலும் வைத்தியரைக் காண வேண்டும். சீனி 100 முதல் 125 வரை என்றால் அது எச்சரிக்கை, நடையால் திருத்தக்கூடிய கட்டம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்ரிமீட்டருக்கும் உட்பட்டிருப்பது நலம்.

கவனம் தேவைப்படுவோர்

நெஞ்சு இறுக்கம், நடக்கும்போது அளவுக்கு மீறிய மூச்சுத் திணறல், தலைசுற்றல் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்ட பின்பே பயிற்சி தொடங்க வேண்டும். இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது, கையில் ஓர் இனிப்பு இருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர் வெறுங்காலில் நடப்பது ஆபத்து. உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது, புண் ஆறவும் நாளாகும். நடையின்போது நெஞ்சுவலி வந்து சில நிமிட ஓய்விலும் அடங்காவிட்டால் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பழக்கமாகும் வரை

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு புதிய செயல் தானாக வரும் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆகிறது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. நாள்தோறும் தவறாமல் நிகழும் ஒன்றோடு சேர்த்துக்கொண்டால் மறதிக்கு இடமில்லை: தேத்தண்ணிக்குப் பின் நடை, குளிப்புக்கு முன் நீட்டல், விளக்கு வைத்த பின் படியேற்றம். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம், அடுத்த வாரத்தில் பத்து எனக் கூட்டிச் சென்றால் ஐந்தாறு வாரத்தில் அரை மணி நேரத்தை எட்டலாம்.